நாயின் கழுத்தில் இரண்டு முனைகள்

பச்சைத்தோல் வந்து இறங்கும் இடத்தில் நாய் சேரும். உப்புப் போட்ட தோலின் வாடை, வழித்தெடுத்த சதைக் கழிவு, ராத்திரியில் வந்து நிற்கும் லாரி, இவை போதும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் ஊர்களில், வெளியே திரியும் நாய்களை விரட்ட உள்ளே ஒரு நாயைக் கட்டி வைப்பார்கள். கட்டிய நாய் குரைக்கும். அதற்குக் கொடுத்த வேலையே அதுதான். ஆனால் விடிய விடியக் குரைத்தால் அக்கம்பக்கத்தில் தூக்கம் போகும், வாய்ச்சண்டை வரும். கடைசியில் யாராவது ஒருவர் போனில் தேடிப் பார்த்து, இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயில் ஒரு ‘ட்ரெய்னிங் காலர்’ வாங்கிப் போட்டுவிடுங்கள், நாய் அடங்கிவிடும் என்று யோசனை சொல்வார்.

வந்து சேரும் பெட்டியில் ஒரு ரிமோட், ஒரு நைலான் பட்டை, அதில் கோத்த தீப்பெட்டி அளவு ரிசீவர், சார்ஜ் வயர், சோதனைக்கு ஒரு குட்டி விளக்கு, குட்டையும் நெட்டையுமாக இரண்டு ஜோடி உலோக முனைகள் இருக்கும். ரிமோட்டில் பீப் சத்தம், அதிர்வு, அப்புறம் ‘ஸ்டேடிக்’ என்ற மூன்றாவது பொத்தான். ஷாக் என்று எழுதினால் விற்காது என்பதால் ஸ்டேடிக். பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண் ஏறும். கூடவே எறும்பு எழுத்தில் ஒரு கையேடு. அதைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. பெட்டியில் உள்ளவற்றில் நாய்க்கு மிகவும் தேவையானது அந்தக் கையேடுதான்.

இந்தக் கருவி நல்லதா கெட்டதா என்ற சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. என் கட்சியைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் அந்த இரண்டு முனைகளுக்கும் அவை தொடும் தோலுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ரிசீவருக்குள் இருப்பது செல்போனில் இருப்பதைப் போன்ற சிறிய லித்தியம் பேட்டரி. அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய 4 வோல்ட்தான். அதைத் தொட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே உள்ள ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் அதை நூற்றுக்கணக்கான வோல்ட்டாக, சில கருவிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி, மிகக் குறுகிய துடிப்புகளாக வெளியே விடுகிறது. ஒரு துடிப்பின் உச்சம் ஒரு நொடியின் லட்சத்தில் சில பங்குகூட நீடிக்காது. மின்சாரம் ஒரு முனையில் நுழைந்து, தோலுக்குள் மூன்று நான்கு சென்டிமீட்டர் கடந்து, மற்ற முனை வழியே வெளியேறுகிறது. இதயம் வரைக்கும் போவதில்லை. ஆகவே ‘நாய் செத்துவிடுமா’ என்று கேட்பவருக்குப் பதில், அப்படி ஆகாது என்பதே. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திரக் காட்டிலிருந்து யானை இறங்குவதால் நிலத்துக்காரர்களுக்கு சோலார் வேலி பழக்கம். அந்த வகை வேலிக் கருவிக்குச் சர்வதேசத் தரவிதி அனுமதிக்கும் உச்சம் ஒரு துடிப்புக்கு 5 ஜூல். நாய்க் காலரின் துடிப்பு அதில் மிகச் சிறிய பின்னம்.

ஆனால் சாகாது என்பதும் வலிக்காது என்பதும் வேறு வேறு. தோலுக்கு அடியில் பல தடிமன்களில் நரம்பு இழைகள் ஓடுகின்றன. தொடுதலையும் அதிர்வையும் சொல்பவை தடித்த இழைகள். சுருக்கென்ற வலியைச் சொல்பவை மெல்லியவை. வெளியிலிருந்து மின்துடிப்பு கொடுத்தால் முதலில் கிளர்வது தடித்த இழைகள். அதனால் குறைந்த எண்ணில் நாய்க்கு ஏதோ ஊர்வது போலவும் தட்டுவது போலவும் இருக்கும். மூட்டுவலிக்குப் பிசியோதெரபி நிலையத்தில் ஒட்டும் ‘டென்ஸ்’ கருவி இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. எண்ணைக் கூட்டக் கூட்ட மெல்லிய இழைகளும் சேர்ந்துகொள்ளும். அப்போது அது வலி. எந்த எண்ணில் தட்டல் முடிந்து வலி தொடங்குகிறது என்பதை ரிமோட் சொல்லாது, சொல்லவும் முடியாது. ஏனென்றால் அதை முடிவு செய்வது தோல்.

2013-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்து ‘வெட்டர்னரி ரெக்கார்ட்’ இதழில் எழுதினார்கள். நாய்களின் கழுத்தில் மின்தடை எவ்வளவு என்று சோதித்தபோது, நனைந்த நாயில் 4 கிலோ ஓம் வரை இறங்கியது, உலர்ந்த நாயில் 640 கிலோ ஓம் வரை ஏறியது. நூற்று அறுபது மடங்கு வித்தியாசம். அடுத்து, சந்தையில் வாங்கிய பல மாதிரிக் காலர்களை ஒரே மின்தடையில் உச்ச எண்ணில் வைத்து அளந்தார்கள். ஒரு கருவி 3.3 மில்லிஜூல் கொடுத்தது, இன்னொன்று 287. ஆக, பக்கத்து வீட்டுக்காரர் ‘நான் முப்பதில் வைத்தேன், சரியாக இருந்தது’ என்று சொன்னால் அந்த முப்பதுக்கு உங்கள் வீட்டில் அர்த்தம் கிடையாது. அவருடைய கருவி வேறு, அவருடைய நாயின் ரோமம் வேறு, அன்று மழை பெய்ததா இல்லையா என்பதும் வேறு. காலையில் உலர்ந்த கழுத்தில் நாய் பொருட்படுத்தாத எண், அது தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி எழுந்து வந்தபின் அதை அலறவைக்கலாம். வேலூர் வெயிலில் எந்த நாய்தான் தண்ணீரைக் கண்டால் இறங்காமல் இருக்கும்?

நாயின் தோலை நம் தோலைப் போல நினைப்பதில்தான் பாதித் தப்பு நேர்கிறது. ரோமம் மூடிய இடத்தில் நாயின் மேல்தோல் மூன்று முதல் ஐந்து அடுக்குச் செல்கள்தான். நமக்குப் பத்துக்கு மேல். நம் தோல் சற்றே அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியோ கொஞ்சம் காரத்தன்மையோடோ இருக்கும், அதனால் கிருமிகள் குடியேற வசதி. நமக்கு உடம்பெங்கும் வியர்க்கிறது, நாய்க்கு அப்படி வியர்ப்பது பாதத்தில் மட்டுமே. கழுத்துப் பட்டைக்கு அடியில் சேரும் ஈரம் எச்சில், குடித்த தண்ணீர், குளித்த தண்ணீர். அது சீக்கிரம் காயாது, ஏனென்றால் நாய்க்கு ஒரு மயிர்க்கண்ணிலிருந்து ஒற்றை முடி வருவதில்லை. ஒரு தடித்த முடியும் அதைச் சுற்றிப் பல மெல்லிய முடிகளும் கொத்தாக வருகின்றன. டேனரியில் சுண்ணாம்பு போட்டு மயிர் கழித்த தோலின் மேல்பரப்பைக் கூர்ந்து பார்த்து, மயிர்க்கண் வரிசையை வைத்தே இது வெள்ளாடு, இது செம்மறி, இது கன்று என்று சொல்லும் தொழிலாளர்கள் இந்த ஊர்களில் உண்டு. மயிர்க்கண் எங்கே நெருங்குகிறது, எங்கே தோல் மெலிகிறது என்று விரலால் அறிந்தவர்கள். நாய்க் காலரை மாட்டுவதற்கு இவர்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது என்று எனக்குத் தோன்றும்.

மாட்டும் முறையில் நடக்கும் கோளாறுக்கு மின்சாரத்தோடு சம்பந்தமே இல்லை. காலர் போட்ட நாயின் கழுத்தில் ஒரு நாள் இரண்டு வட்டப் புண்கள் தெரியும். முனை இருந்த இடத்தில் முனை அளவுக்கே, சில சமயம் குழி விழுந்து, சீழ் வைத்து. பார்த்தவுடன் எல்லோரும் ‘கரண்ட் சுட்டுவிட்டது’ என்பார்கள். பெரும்பாலும் அது சுட்ட புண் ஆகாது. ஷாக் பொத்தானை ஒரு தடவைகூட அழுத்தாத நாய்க்கும், பேட்டரி தீர்ந்துபோன காலரைப் போட்டிருந்த நாய்க்கும் அதே புண் வரும். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு முதுகில் வருவதுதான் இதுவும். அழுத்தப் புண்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முனையின் குறுக்களவு 5 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு சுமார் 0.2 சதுர சென்டிமீட்டர். பட்டையின் இறுக்கம் ஒவ்வொரு முனையையும் வெறும் 100 கிராம் எடை அளவுக்குத் தோலில் அழுத்தினால், அந்தப் புள்ளியில் ஏறக்குறைய 370 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் விழுகிறது. தோலின் நுண்குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம் என்று மருத்துவப் பாடநூல்கள் பொதுவாகக் குறிப்பிடும் எண் 32. 10 கிராம் அழுத்தமே அதைத் தாண்டிவிடும். முனைக்குக் கீழே ரத்தம் நின்றுவிடுகிறது. சில நிமிடம் நின்றால் ஒன்றும் ஆகாது, முனை நகர்ந்ததும் ரத்தம் பாய்ந்து சிவந்து சரியாகிவிடும். மணிக்கணக்கில் நின்றால் செல்கள் மூச்சு முட்டிச் சாகும். செத்த திசு கழன்று விழுந்தால் புண்.

இதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் வேலூரில் வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவைச் சிகிச்சை நிபுணராக வந்தார். அந்தக் காலத்தில், தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளின் அன்றாடத்தைக் கவனித்தார். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுப்பவர். துருப்பிடித்த பூட்டை ரத்தம் வரும் வரை திருகுபவர். செருப்புக்குள் கிடந்த ஆணியோடு நாள் முழுக்க நடப்பவர். நோய் நரம்பை மட்டும் கொன்றிருந்தது. வலி இல்லாததால் மிச்சத்தை அவர்களே சேதப்படுத்திக்கொண்டார்கள். சாதாரண ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அவரை அறியாமலே நெளிவார், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவார். அந்த நெளிவுதான் தோலுக்கு ரத்தம் கொடுக்கிறது. அது நின்றால் மிக லேசான அழுத்தமும் மணிக்கணக்கில் சேர்ந்து புண்ணாகிறது. வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்திலும் நோயாளிகளுக்காகச் செய்த எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) செருப்பு இந்த அறிவிலிருந்து வந்ததுதான். பாதத்தின் எடையை ஒரு புள்ளியில் நிற்கவிடாமல் மெத்தென்ற ரப்பர் அதைப் பரப்பிவிடும்.

நாய்க்கு வலி தெரியும், ஆனால் அதனால் காலரை நகர்த்த முடியாது. முடிந்ததெல்லாம் பின்னங்காலால் சொறிவது. சொறிந்தால் முனை இன்னும் ஆழமாக உழும். ஆகவே அந்த நெளிவை நாய்க்காக நாம்தான் செய்யவேண்டும். நல்ல கையேடுகள் எல்லாம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ரிசீவரைக் கழுத்தில் இடம் மாற்றச் சொல்கின்றன. சி.எம்.சி. வார்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப்போடும் நர்ஸுக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம்.

இனி மாட்டும் முறை. சாதாரணப் பட்டை கழுத்தின் அடியில் தொளதொளவென்று தொங்கலாம். இது அப்படித் தொங்கினால், நாய் நடக்கும்போது முனை தொட்டும் தொடாமலும் உரசும். தொடாதபோது பொத்தான் வேலை செய்யாது. வேலை செய்யவில்லை என்று எண்ணைக் கூட்டுவீர்கள். திடீரென்று தொடும்போது கூட்டிய முழு அளவும் இறங்கும். காலரால் நாய்க்கு நேரும் கெடுதல்களில் பெரும் பங்கு இந்தத் தொளதொளப்பால்தான் என்று நான் சொல்வேன். ஆகவே கழுத்தின் மேல்பகுதியில், காதுக்குக் கீழே, கழுத்து ஒடுங்கும் இடத்தில் வைக்கவேண்டும். நாய் நேராக நிற்கும்போது மாட்டவேண்டும், ஏனென்றால் உட்கார்ந்தால் கழுத்தின் சுற்றளவு மாறும். முனைகள் குரல்வளைக்கு நேர் மேலே வராமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கவேண்டும். பட்டையை இறுக்கியபின் முனைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் சிரமப்பட்டு நுழையவேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் தொளதொளப்பு, ஒன்றும் நுழையாவிட்டால் இறுக்கம். முனை முடிமேல் உட்காராமல் தோலைத் தொட, ரிசீவரை இலேசாக ஆட்டிக் கொடுப்பார்கள். முடி விலகி வழிவிடும். ரோமம் அடர்ந்த ஜெர்மன் ஷெப்பர்டுக்கு நெட்டை முனை, குட்டை ரோம நாட்டு நாய்க்குக் குட்டை முனை. தோல் தெரிய மழிக்கக் கூடாது. மழித்த இடம் முதலில் புண்ணாகும். சங்கிலியை இந்தப் பட்டையில் மாட்டவே கூடாது. நாய் இழுத்தால் இழுவை எல்லாம் அந்த இரண்டு புள்ளியில் போய் நிற்கும். மேலே போட்ட கணக்கில் 100 கிராமுக்குப் பதிலாக 10 கிலோ என்று வைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டு நாய்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கு ஓட வளர்த்த ஒல்லி நாய்கள். கழுத்து நீளம், தலை குறுகல், தோலுக்கு அடியில் கொழுப்பே கிடையாது. பட்டை தலைவழியே கழன்றுவிடும் என்று பயந்து கூடுதலாக இறுக்குவார்கள். அந்த மெல்லிய தோலில் முனை வெகு சீக்கிரம் வேலையைக் காட்டிவிடும். ராஜபாளையத்துக்கு வேறு கதை. வெள்ளை ரோமத்துக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல் என்பதால் சிவத்தல் முதல் நாளே கண்ணில் படும், அது ஒரு நன்மை. முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு, ராஜபாளையமும் விலக்கல்ல. செவிட்டு நாயைக் கூப்பிட அதிர்வுப் பொத்தான் உண்மையாகவே உதவும். அதிர்வு வந்ததும் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு கறி என்று பழக்கினால் போதும். இந்தக் கருவியில் நான் மனசார ஒப்புக்கொள்ளும் பயன் அது ஒன்றுதான்.

தினமும் ராத்திரி காலரைக் கழற்றி வைக்கவேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது. கழற்றியதும் முடியைப் பிரித்துத் தோலைப் பார்த்து, ஈரத்துணியால் துடைத்து, முனைகளையும் துடைத்துக் காயவைக்கவேண்டும். சிவந்திருந்தால் முழுக்க ஆறும் வரை பட்டையே வேண்டாம். முனை எந்த உலோகம் என்பதும் முக்கியம். பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு; அதில் நிக்கல் உண்டு. நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் மனிதரைப் போலவே நாய்க்கும் உண்டு. அப்போது முனை படாத இடத்தில் ஒன்றும் இருக்காது, பட்ட இடம் மட்டும் அரிக்கும். டைட்டேனியம் முனைக்கு மாறினால் அடங்கும்.

மாட்டிவிட்டோம், இனி எப்போது அழுத்துவது? பழக்குபவர்கள் பூஜ்யத்தில் தொடங்கி ஒவ்வொரு எண்ணாக ஏற்றி, நாயின் காது ஒரு துடி துடிக்கிறதா, ஈ உட்கார்ந்தது போலத் தலையைத் திருப்புகிறதா என்று பார்ப்பார்கள். அந்த எண்ணில் நிற்கவேண்டும். கத்தினால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆனால் அந்த எண்ணும் நிலையாக நிற்காது. பூனையைத் துரத்தும் வெறியில் இருக்கும் நாயின் மூளை வலியை மட்டுப்படுத்திவிடும், ஏற்றிய எண்ணும் உறைக்காது, மேலும் ஏற்றுவார்கள். மறுநாள் அது அமைதியாக நிற்கும்போது அதே எண் அறைந்தது போல விழும்.

நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் ஹனோவரில் 2007-இல் வெளிவந்த ஆய்வு நல்ல சாட்சி. 14 பீகிள் நாய்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, பொம்மை முயலை வாயால் தொடும் அந்தக் கணத்தில் ஷாக். இரண்டாம் குழுவுக்கு, கூப்பிட்டும் வராதபோது ஷாக். மூன்றாவதற்குக் காரணமே இல்லாமல் எப்போதாவது ஷாக். எச்சிலில் கார்ட்டிசால் என்னும் பதற்ற ஹார்மோனை அளந்தார்கள். முதல் குழுவில் அது பெரிதாக ஏறவில்லை. எதைச் செய்தால் வருகிறது என்று அந்த நாய்க்குத் தெரிந்துவிட்டது. செய்யாமல் இருந்தால் தப்பலாம். மற்ற இரண்டிலும் ஏறியது. காரணம் தெரியாத ஷாக் பாடமே ஆகாது. குடும்பத்தில் பொத்தானை அழுத்துபவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். கோபம் வந்த அப்பா, விளையாட்டுப் பையன், தூக்கம் கலைந்த வாட்ச்மேன். அவர்கள் அழுத்தும் ஷாக் முதல் குழுவின் ஷாக்காக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த நொடியில் நாயின் கண்ணெதிரே ஒரு குழந்தை நடந்து போனால், நாய் குழந்தையைத்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளும். நெதர்லாந்தில் 2004-இல் காவல் பணி நாய்களைக் கவனித்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். ஷாக் வாங்கிப் பழகிய நாய்கள் பயிற்சி மைதானத்துக்கு வெளியே பூங்காவில்கூட, பழக்கியவர் பக்கத்தில் இருந்தாலே காதைத் தாழ்த்தி ஒடுங்கின. அவை காலரைப் பற்றிக் கற்றதைவிட ஆளைப் பற்றிக் கற்றதுதான் அதிகம்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2024-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஓடும் பொருளைத் துரத்தும் 19 நாய்களைப் பழக்கினார்கள். ஷாக் வாங்கிய நாய்கள் சில அமர்வுகளிலேயே துரத்தலை விட்டன. உணவு கொடுத்துப் பழக்கியவை அந்தக் குறுகிய காலத்தில் விடவில்லை. ஷாக் விழும்போது நாய்கள் கத்தின என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. மாறாக, இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 63 வீட்டு நாய்களை வைத்துச் செய்து, 2014-லும் 2020-லும் வெளியிட்ட ஆய்வுகளில், கூப்பிட்டால் வருவது போன்ற பழக்கத்துக்குக் காலர் கூடுதல் பலன் எதையும் தரவில்லை. என் கட்சி இதுதான்: ரயில் பாதையில் ஆட்டைத் துரத்தும் நாயின் உயிரைக் காக்க, கைதேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் இதைத் தொட்டால் நான் வாதாட மாட்டேன். ராத்திரிக் குரைப்புக்கு இது வேண்டவே வேண்டாம்.

பிராண்டிடம் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அவர் வாழ்க்கையில் ஷாக் இன்னொரு தடவை வருகிறது. 1966-இல் அவர் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வலி இல்லாத கைகளுக்குச் செயற்கையாக வலியைக் கொடுத்தால் என்ன என்று அங்கே பொறியாளர்களோடு சேர்ந்து முயன்றார். கையுறையின் விரல்களில் அழுத்தமானிகள். அழுத்தம் அளவு மீறினால் காதில் ஒரு பீப். நோயாளிகள் பீப்பை அலட்சியம் செய்தார்கள். விளக்கு மின்னவைத்தார்கள், அதையும் அலட்சியம் செய்தார்கள். கடைசியில் உணர்ச்சி மிச்சம் இருந்த அக்குளில் மின்முனை வைத்து ஷாக் கொடுத்தார்கள். நாய்க் காலரின் மூன்று பொத்தான்களும் அதே வரிசையில். ஷாக் வேலை செய்தது, கையை எடுத்தார்கள். ஆனால் கட்டாயம் செய்தே ஆகவேண்டிய வேலை என்று தோன்றினால், இணைப்பைக் கழற்றிவிட்டு வேலையை முடித்தார்கள், அப்புறம் மாட்டிக்கொண்டார்கள். விரல் கொடுக்கவேண்டிய சேதி அக்குளில் வந்ததால் அவர்கள் அதைத் தங்கள் உடம்பின் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை, யாரோ போடும் தண்டனையாக எடுத்துக்கொண்டார்கள். கருவிகள் விலை அதிகம், சீக்கிரம் பழுதாகின என்பதும் சேர்ந்து அந்த முயற்சி கைவிடப்பட்டது. வலியின் பயன் என்ன என்று முழுதாக அறிந்த, தங்கள் விரலைக் காப்பாற்றத் தாங்களே ஒப்புக்கொண்ட மனிதர்களிடமே அது இப்படி முடிந்தது. நாயிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. இணைப்பைக் கழற்றவும் அதற்குக் கை கிடையாது. ஆனால் ரிமோட் எட்டாத தூரம், சார்ஜ் தீர்ந்த நாள், வேறு பட்டை போட்ட நாள் எது என்று அது வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். கனமான பெட்டி கழுத்தில் இல்லாத நாளில் பழைய ஆட்டம்தான்.

ரிமோட்டே இல்லாமல் தானாக இயங்கும் குரைப்புக் காலர் இன்னும் மோசம். தொண்டை அதிர்வையோ சத்தத்தையோ உணர்ந்து அதுவே ஷாக் கொடுக்கும். மலிவான மாதிரிகளில் சத்தம் மட்டுமே தூண்டுகோல். இரண்டு நாய் இருக்கும் வளாகத்தில் ஒன்று குரைத்தால் மற்றது வாங்கும். காரணமே தெரியாமல் வாங்கும் அந்த நாய், ஹனோவரின் மூன்றாவது குழு.

வேல்ஸில் 2010 முதல் ஷாக் காலரைப் பயன்படுத்துவது குற்றம். ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2006-இல் அதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டத்தில் இந்தக் கருவியின் பெயர் இல்லை. அப்போது அதை யார் கண்டார்கள். தேவையில்லாத வலி கொடுப்பது குற்றம் என்கிறது அதன் 11-ஆம் பிரிவு. முதல் முறை அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய் வரை. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதே தொகைதான். மாநிலங்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்து சட்டத்துக்கு வழி திறந்தவர் கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர். அந்த வாரியத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையில் இருந்தது. அதே 11-ஆம் பிரிவில் யாரும் கவனிக்காத இரண்டு வரி உண்டு. நியாயமற்ற அளவு குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைக்கும் நாய்க்கு நடமாட்டம் தராமல் இருப்பதும் குற்றம்.

ராத்திரிக் குரைப்புக்கு விடை பெரும்பாலும் அந்த இரண்டு வரியில் இருக்கிறது. ஓடக் கிடைக்காத நாய், வாசலில் போகும் ஒவ்வொரு நிழலுக்கும் குரைக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் நடத்திக்கொண்டு போய், ராத்திரி மதிலுக்குள் அவிழ்த்துவிட்டால் பாதி அடங்கும். கம்பிக் கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரத்தால் மறைத்தால் வெளிநாய் கண்ணில் படாது. வழித்த சதைக் கழிவை அன்றன்றே அப்புறப்படுத்தினால் வெளிநாய் வரவே வராது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அதுதான் வேண்டும்.

கழுத்துக்கு ஏதாவது போட்டே ஆகவேண்டும் என்றால் நல்ல தோல் பட்டை போதும். குதிரைச் சேணமும் நாய்ப்பட்டையும் கான்பூரின் தொழில், ஆம்பூருடையது ஷூ. ஆனாலும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தோலை வெட்டி, ஓரத்தைச் சீவி, பக்கிள் வைத்துத் தைக்க இந்த ஊரில் ஆள் தேடவேண்டியதில்லை. அகலமான பட்டை அழுத்தத்தைப் பரப்பிவிடும், எம்.சி.ஆர். செருப்பு செய்ததைப் போல. எப்போதும் ஈரம் படும் கழுத்துக்கு, சரியாக முடிக்காத குரோம் தோல் நல்லதல்ல. அதில் உள்ள மூன்றிணைதிறக் குரோமியம் மோசமான நிலைமைகளில் ஆறிணைதிறமாக மாறலாம். தோலில் ஒவ்வாமை தரும் அந்த வடிவத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதம் முதல் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது, ஆம்பூர் ஏற்றுமதியாளர்கள் அந்த எண்ணைத் தூக்கத்திலும் சொல்வார்கள். பட்டைக்கு ஏற்றது ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்ட தோல். புவிசார் குறியீடு பெற்ற ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் அந்த வகையைச் சேர்ந்தது. நனைந்து காய்ந்தால் அது விறைக்கும், மாதத்துக்கு ஒரு முறை கொஞ்சம் எண்ணெய் தடவவேண்டும். தோல் நாளாக நாளாக நீளவும் செய்யும், அதனால்தான் மின் காலர்காரர்கள் நைலானுக்குப் போனார்கள். சாதாரணப் பட்டை நீண்டால் ஒரு துளை தள்ளிப் பக்கிளைப் போட்டால் தீர்ந்தது.